மேசைமேல் ஒரு நீராவி எஞ்சின்

பெரியதொரு பொருளைச் சிறிதாகச் செய்து அருகிருந்து பார்க்க விரும்புவது மனித இயல்பு. நவராத்திரிக் கொலுப்படியில் தேரும் கோபுரமும் அங்குலக் கணக்கில் அமர்ந்திருப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். எந்த நகரத்திற்குப் பிழைப்பை நாடிச் சென்றாலும் அந்தப் பெட்டியை நம்மவர் உடன் எடுத்துச் செல்லத் தவறுவதில்லை. ஆயினும் பொம்மை வேறு, அளவுமாதிரி வேறு. பொம்மைக்குச் சாயல் இருந்தால் போதும். அளவுமாதிரிக்கோ ஒவ்வோர் உறுப்பும் மூலப்பொருளின் அளவோடு ஒரே விகிதத்தில் பொருந்தியிருக்கவேண்டும். நீராவி ரயில் எஞ்சின் ஒன்றை அவ்வாறு செய்வது எப்படி என்பதை இங்கு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக டபிள்யூ.பி. வகை எஞ்சினைக் கொள்வோம். முதலெழுத்து அகலப் பாதையையும், இரண்டாம் எழுத்து பயணிவண்டியையும் குறிக்கும். 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து முதல் 16 எஞ்சின்கள் வந்தன. பின்னர் கனடா, போலந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலும், இறுதியில் நம் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலும் இவை உருவாயின. 1967 வரை கட்டப்பட்டவை மொத்தம் 755. அவற்றுள் 259 சித்தரஞ்சனில் பிறந்தவை. குண்டுபோல் முன்தள்ளிய மூக்கும், அதில் தீட்டிய நட்சத்திரமும் இவற்றின் அடையாளம். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸை இழுத்துச் சென்றவையும் இவையே. கரித்தூள் கண்ணில் விழ, நம் முன்னோர் வடக்கே சென்றதும் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் இவற்றின் பின்னால்தான். 1995இல் அகலப் பாதையில் நீராவியின் அன்றாட ஆட்சி முடிவுற்றது. பெரும்பாலானவை உடைத்து இரும்பாக்கப்பட்டுவிட்டன. ஆகவே சரியாகச் செய்த ஒரு மாதிரி, விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, ஒரு சாட்சியமும் ஆகும்.

முதலில் முடிவு செய்யவேண்டியது விகிதம். முப்பத்திரண்டில் ஒரு பங்கு எனக் கொள்வோம். உண்மை எஞ்சின், கரிவண்டி உட்பட ஏறத்தாழ 23.9 மீட்டர் நீளம். மாதிரி சுமார் 75 சென்டிமீட்டராகும். 67 அங்குல விட்டமுள்ள ஓட்டுசக்கரம் 53 மில்லிமீட்டராகும். எடைக்கணக்கு வியப்பூட்டுவது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 32 பங்கு குறைவதால், எடை 32,768 பங்கு குறைகிறது. கரிவண்டியோடு 170 டன் கடந்த அந்த ராட்சதம், அதே உலோகத்தில் அப்படியே சுருங்கினால், 5 கிலோவிற்குச் சற்று மேலாக நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நம் அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காக உள்ளது 1,435. கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளங்கள் பெரும்பாலும் அந்த 1,435ஐ ஒட்டியவை. நம் விகிதத்தில் அது 45 மில்லிமீட்டர்; நமக்கு வேண்டியதோ 52.4. கடைத் தண்டவாளத்திற்காகச் சக்கரங்களை நெருக்கிவிட்டால், அகன்ற தோளுடைய ஆள் குறுகிய கால்களில் நிற்பது போன்ற தோற்றம் வந்துவிடும். நம் எஞ்சினின் கம்பீரம் அந்த அகன்ற நிலையில்தான் இருக்கிறது. ஆதலின், காட்சிக்கு வைக்கும் மாதிரியாயின் தண்டவாளத்தையும் நாமே 52.4 மில்லிமீட்டர் இடைவெளியில் பதித்துக்கொள்வதே முறை.

அடுத்தது அளவெடுத்தல். 'ஏதோ ஒரு டபிள்யூ.பி.' என்று தொடங்குவது தவறு. எண் குறிக்கப்பட்ட ஒரு தனி எஞ்சினை, அதன் வாழ்வில் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்ளவேண்டும். ஏனெனில் ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் குழாய்கள் இடம் மாறின, விளக்குகள் மாறின, வண்ணமும் மாறியது. வரைபடம் கிட்டாத உறுப்புகளுக்குப் புகைப்படம் கைகொடுக்கும். நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஓட்டுசக்கரம் 40 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறோர் உறுப்பு 20 மில்லிமீட்டர் எனில், அதன் உண்மை அளவு 67 அங்குலத்தில் பாதி, அதாவது 33.5 அங்குலம். தெரிந்த ஓர் அளவைக்கொண்டு தெரியாத பல அளவுகளை அறியும் எளிய வழி இது. சாய்ந்த கோணத்தில் எடுத்த படம் இதற்குப் பயன்படாது.

வேலையை அடியிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வகை எஞ்சினின் அடிச்சட்டம் அமெரிக்க முறைப்படி தடித்த சட்டங்களால் ஆனது. ஆகவே மெல்லிய தகட்டை வெட்டி வைத்தால் போதாது. கனமான பித்தளைப் பட்டையை அறுத்து, அரத்தால் ராவிச் செய்யவேண்டும். இடமும் வலமுமான இரு சட்டங்களையும் தற்காலிகமாக ஒன்றாகப் பற்றவைத்து, இருசுத் துளைகளை ஒரே தடவையில் துளைத்துப் பிறகு பிரிப்பது நலம். அப்போதுதான் ஆறு ஓட்டுசக்கரங்களின் மூன்று இருசுகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும்.

சக்கரங்களைப் பொருத்துகையில் ஒரு விதியை மறக்கலாகாது. இடப்பக்கச் சக்கரத்தின் சுழல்முளையும் வலப்பக்கச் சக்கரத்தின் சுழல்முளையும் 90 பாகை வேறுபட்டு நிற்கவேண்டும். காரணம் இது: பிஸ்டன் சிலிண்டரின் ஒரு கோடியை எட்டும் கணத்தில் அதனால் சக்கரத்தைத் திருப்ப இயலாது. இரு பக்கமும் ஒரே கணத்தில் கோடியை எட்டினால் எஞ்சின் அசையாது நின்றுவிடும். ஒரு பக்கம் வலுவிழக்கும்போது மறுபக்கம் முழு வலுவோடு இருக்கும்படி செய்த ஏற்பாடே இது. மாதிரியில் இக்கோணம் மூன்று இருசுகளுக்கும் ஒன்றாக இராவிட்டால், இணைப்புத்தண்டுகள் இறுகிச் சக்கரங்கள் திக்கித் திக்கிச் சுழலும்.

சக்கரங்களுக்கு வெளியே தொங்கும் தண்டுகளின் கூட்டத்தைக் கண்டு மலைக்கவேண்டாம். பெல்ஜிய நாட்டு வால்ஷேர்ட்ஸ் 1844இல் வகுத்த அமைப்பு அது. நீராவியைச் சிலிண்டருக்குள் எப்போது விடுவது, எப்போது வெளியேற்றுவது என்பதை இரண்டு அசைவுகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று, சக்கரத்தில் பொருத்திய சிறு புயத்திலிருந்து வளைந்த தொட்டில் போன்ற உறுப்பின் வழியாக வருகிறது. மற்றொன்று, பிஸ்டனோடு முன்னும் பின்னும் ஓடும் தலையிலிருந்து வருகிறது. ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தினால் தண்டு தொட்டிலில் மேலோ கீழோ நகர்ந்து, எஞ்சின் முன்னோ பின்னோ செல்லும். இதைப் புரிந்துகொண்டு செய்பவனுடைய தண்டுகள் இசைந்து ஓடும். புரியாமல் படத்தைப் பார்த்து ஒட்டுபவனுடைய தண்டுகள் ஒன்றோடொன்று மோதும்.

மேற்பகுதிக்கு அரை மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகடு ஏற்றது. கொதிகலனின் உருளையைச் சுருட்டிச் செய்யலாம். குண்டு மூக்கைத் தகட்டில் செய்வது கடினம்; திண்ணிய பித்தளைத் துண்டைக் கடைசல் பிடித்து எடுப்பதே எளிது. தறையாணித் தலைகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே, பின்புறத்தில் கோடிட்டு மழுங்கிய ஊசியால் அழுத்தி எழுப்பவேண்டும். வளைத்தபின் இது ஆகாது. பற்றவைக்கும்போது பெரிய உறுப்புகளை முதலிலும் சிறியவற்றைப் பின்பும் வைத்துக்கொள்ளவேண்டும். முன்னரே பற்றிய இடம் சூட்டில் இளகாதிருக்க, அதன்மேல் ஈரப் பஞ்சு ஒன்றை வைப்பது வழக்கம்.

நுணுக்க வேலை என்பது கண்ட இடமெல்லாம் கம்பியை ஒட்டுவதன்று. எஞ்சினில் வீணான குழாய் ஒன்றும் இல்லை. மணற்பெட்டியிலிருந்து இறங்கும் குழாய், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதிருக்க மணல் தூவுவது. ஆகையால் அது சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தை நோக்கியே முடியவேண்டும். கொதிகலனுக்கு நீர் ஊட்டும் குழாய் கரிவண்டித் தொட்டியிலிருந்து புறப்பட்டாக வேண்டும். எங்கிருந்து எங்கே, எதற்காக என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாத குழாயை வைக்காதிருப்பதே நலம்.

வண்ணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. முழுக் கறுப்பு சிறிய உருவில் கண்ணுக்குக் கருங்குழியாகத் தோன்றி, நுணுக்கங்களை விழுங்கிவிடும். சற்றே சாம்பல் கலந்த கறுப்பைப் பூசினால், பகல் வெளிச்சத்தில் தொலைவிலிருந்து காணும் எஞ்சினின் தோற்றம் கிட்டும். புகையும் எண்ணெயும் படியும் இடங்களை உண்மை எஞ்சினைப் பார்த்தே தீட்டவேண்டும்.

மாதிரியை உண்மை நீராவியிலேயே ஓட்ட விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. உருவம் சுருங்கினாலும் நீராவியின் குணம் சுருங்குவதில்லை. உண்மை எஞ்சினில் சதுர அங்குலத்திற்கு 210 பவுண்டு அழுத்தம். இவ்வளவு சிறிய மாதிரிகளில் 40 முதல் 60 பவுண்டு வரையே வழக்கம். அதுவும் உயிருக்கு ஊறு செய்யவல்லது. 60 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 150 பாகை செல்சியஸைத் தாண்டும். சாதாரண ஈயப்பற்று 183 பாகையை ஒட்டியே உருகத் தொடங்குவதால், கொதிகலனுக்கு அது ஆகாது. செம்புக் கொதிகலனை 600 பாகைக்குமேல் உருகும் வெள்ளிப்பற்றினாலேயே இணைக்கவேண்டும். பின்னர் உள்ளே நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்திச் சோதிக்கவேண்டும். காற்றால் சோதிக்கவே கூடாது. நீர் சுருங்காதது, கொதிகலன் விரிந்தால் நீர் கசிவதோடு நிற்கும். அடைபட்ட காற்றோ வெடித்துச் சிதறும். காப்பு வால்வு இன்றி ஒருமுறைகூட நெருப்பு மூட்டலாகாது.

அளவெடுக்க எங்கே போவது என்று கேட்கலாம். தமிழகத்திற்கு வெளியே வாழ்வது இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலமே. தில்லியிலுள்ளவர்க்குத் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1855இல் இங்கிலாந்தில் கட்டிய 'ஃபேரி குயீன்' எஞ்சின், நம் பெரம்பூர்த் தொழிற்சாலையின் கைவண்ணத்தால் மீண்டும் உயிர்பெற்று 1997இல் ஓடியதை அங்கே நினைவுகூரலாம். அரியானாவில் 1893இல் எழுந்த ரேவாரி எஞ்சின் கொட்டகையில் டபிள்யூ.பி. எஞ்சின்களே பேணப்பட்டு வருகின்றன. மைசூரிலும் ஹௌராவிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு. புணேயில் சிற்றளவு ரயில்களுக்கென்றே ஒரு காட்சியகம் அமைந்திருக்கிறது.

அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு, பொறுப்பாளரின் அனுமதி பெற்று, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் செல்லுங்கள். ஒருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் எழுதட்டும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே போகிறது, தகடு மாறுகிறது, குழாய் கழன்று விழுகிறது. இவற்றை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். உங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ரயில்வே பெரியவர் ஒருவர் இருப்பின், அவரிடம் எந்தக் குழாய் எதற்கு என்று இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதிரி செய்து முடிக்க ஈராண்டு ஆகலாம், ஐந்தாண்டும் ஆகலாம்; அதற்குக் காத்திருக்கலாம். அந்தக் குறிப்பு காத்திருக்காது.