பார்சல் படமும் பறிபோகும் முகவரியும்

கீழப்பாவூர் போன்ற பேரூர்களில் இன்று வணிகம் தொடங்கக் கடை வாடகை தேவையில்லை. ஒரு கைப்பேசி இருந்தால், வீட்டிலிருந்தபடியே சேலையோ மசாலாப் பொடியோ வெளியூருக்கு விற்கலாம். ஆனால், முகம் அறியாதவரிடம் முன்பணம் கேட்க நம்பிக்கை வேண்டும். அதற்காகவே பலர் மாலைதோறும் ‘இன்று அனுப்பிய பார்சல்கள்’ என்று ஒரு படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்.

அந்தப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். வாங்கியவரின் பெயர், கதவு எண், தெரு, கைப்பேசி எண், கூரியர் ரசீது எண் அனைத்தும் தெளிவாகத் தெரியும். அடுத்த படம், ‘பணம் அனுப்பிவிட்டேன் அக்கா’ என்ற உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். அதில் தொகையும் இருக்கும். மோசடிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? “உங்கள் சேலை பார்சல் முகவரிக் குழப்பத்தால் நிற்கிறது, இந்த இணைப்பில் பத்து ரூபாய் செலுத்துங்கள்” என்று அழைப்பு வருகிறது. கடைப்பெயர், பொருள், விலை மூன்றையும் சரியாகச் சொல்லும் குரலை யார் சந்தேகிப்பார்? பணத்தை இழப்பவர் வாடிக்கையாளர். பழி சேர்வது கடைக்கு.

எனக்குத் தெரிந்த விற்பனையாளர்களிடம் இதைச் சொன்னால், “ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே” என்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் மறைவதில்லை. பதிவேற்றிய படம் எவ்வளவு காலம் பின்தொடரும் என்பதற்குப் பெரு நிறுவனமான பூமாவே சாட்சி. பாடகி ரிஹானா தம் பெயரோடு இணையவிருந்த அந்நிறுவனத்தின் காலணியை அணிந்திருக்கும் படங்கள் 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராமில் வெளியாயின. வடிவமைப்புப் பதிவுக்குப் பூமா விண்ணப்பித்தது 2016 ஜூலையில்தான். ஐரோப்பிய விதிப்படி, சொந்தமாக வெளிப்படுத்திய 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போட்டி நிறுவனம் ஒன்று அந்தப் படங்களைத் தோண்டியெடுக்க, பதிவு செல்லாது என்ற முடிவை ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2024 மார்ச்சில் உறுதிசெய்தது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும், விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் வெளிப்பட்ட வடிவத்தைப் பதிவுசெய்ய இடமளிப்பதில்லை. புதிய நகை வடிவத்தை வரைந்த அன்றே பெருமையோடு பதிவேற்றுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

பூமா இழந்தது தன் சொந்த உடைமையை. பார்சல் படத்தில் போவதோ பிறருடையது. பழைய பலசரக்குக் கடைக்காரர் பற்று நோட்டை மேசைக்குள்ளேயே வைத்திருப்பார். ஒரு வீட்டுப் பாக்கியை இன்னொருவர் முன் வாசிக்க மாட்டார். அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. இன்று டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பொருளைச் சேர்ப்பிக்கக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனி ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அதிகபட்சத் தண்டம் 250 கோடி ரூபாய். சிற்றூர் வணிகரிடம் அவ்வளவு தொகையை யாரும் கேட்கப்போவதில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய உண்மையான இழப்பு, சொல்லாமல் விலகிப்போகும் வாடிக்கையாளர்தான்.

வாட்ஸ்அப் குழுவிலும் இதே சிக்கல் உண்டு. இருநூறு பேரை ஒரே குழுவில் சேர்த்தால், ஒவ்வொருவர் எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரியும். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் தெரியாது. ஆனால், கடையின் எண்ணைச் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். பார்சல்களை முகவரி தெரியாதபடி கவிழ்த்து அடுக்கிப் படமெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏற்கெனவே யாரேனும் ஏமாந்திருந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்; தாமதமின்றிப் புகார் அளித்தால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு.