நிழலால் செதுக்கும் வித்தை

செக் நாட்டின் பிராக் நகரில், பழைய நகர மன்றக் கோபுரத்தில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. 1410-இல் அமைத்தது. அதற்கு 600 வயது நிறைந்த 2010 அக்டோபரில், சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் கண்ணெதிரே அந்தக் கோபுரம் கல் கல்லாகப் பெயர்ந்தது. சுவருக்குள் பல்சக்கரங்கள் சுழன்றன. மழைநீர் வழிந்தது. புரொஜெக்டர்கள் அணைந்ததும் கோபுரம் பழையபடி நின்றது. 'மக்கூலா' என்ற கலைஞர் குழுவின் கைவண்ணம் அது.

இந்த வித்தையைப் புரொஜெக்ஷன் மேப்பிங் என்பார்கள். முதலில் கட்டடத்தை லேசரால் அளந்து, தூண், வளைவு, மாடம் எதுவும் விடாமல் கணினியில் ஒரு மாதிரி செய்கிறார்கள். அசைவுப்படம் அந்த மாதிரியின் மேல்தான் உருவாகிறது. புரொஜெக்டரைத் திருப்பி வைத்த கேமரா என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது நிற்கப்போகும் இடத்திலேயே கணினிக்குள் ஒரு கற்பனைக் கேமராவை நிறுத்திப் படமெடுத்தால், அந்தப் படத்தைச் சுவரில் வீசும்போது ஒவ்வொரு கோடும் தன் இடத்தில் போய் விழும்.

முப்பரிமாணக் கண்ணாடி அணியாமலே ஆழம் தெரிவது எப்படி? நம் கண் மேடுபள்ளத்தை நிழலைக் கொண்டே பெரிதும் அறிகிறது. ஜன்னலின் கீழே ஒரு நிழலை வரைந்தால் ஜன்னல் முன்னே துருத்தும். நிழலை நகர்த்தினால் ஜன்னலே நகர்வதாகத் தோன்றும். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. ஒளி அனுப்பாமல் விட்ட இடமே நிழல். அதனால்தான் சுற்றியுள்ள தெருவிளக்குகளை அணைக்கச் சொல்கிறார்கள்.

2001-இல், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர் அமெரிக்காவில் சகாக்களோடு இந்தக் கலைக்கு ஒரு கணித அடித்தளம் அமைத்தார். அவர்கள் ஒளியால் வண்ணம் பூசிக்காட்டியது, தாஜ்மகாலின் சிறிய வெள்ளை மாதிரி ஒன்றுக்கு!

பெரிய கட்டடத்தில் பாடு அதிகம். 20 மீட்டர் அகலச் சுவரில் படத்தின் 1920 புள்ளிகளைப் பரப்பினால் ஒரு புள்ளி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். 40 மீட்டர் தள்ளி நிற்கும் புரொஜெக்டர் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே படம் 7 சென்டிமீட்டர் விலகிவிடும், மாயமும் கலைந்துவிடும். காற்று போதும், அந்த அளவுக்கு அசைக்க. ஆகவே, மக்கள் வருமுன் கட்டடத்தின் விளிம்புகளை வெறும் வெள்ளைக் கோடுகளாகச் சுவரில் வீசி, ஒவ்வொரு கோடும் அதனதன் கல்விளிம்பில் உட்காரும்வரை இழை இழையாக நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.