ஆண்டிறுதியில் நாமே வழங்கும் விருதுகள்

ஆண்டு முடியும் வேளையில் வணிகர் ஐந்தொகை பார்ப்பர். மாணவர் தேர்ச்சி அறிக்கை பார்ப்பர். விளையாட்டில் ஈடுபாடு உடையோரும் அவ்வேளையில் ஒரு கணக்குப் பார்த்தல் நன்று. அதற்கு மண்டபம் வேண்டியதில்லை, பொன்னாடை வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும், குடும்பத்தார் கூடியிருக்க ஓர் அந்திப் பொழுதும் போதும்.

உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகள் பல. அவற்றை வழங்கும் சபையினர், 'யார் முதல்வர்?' என்று கேட்கின்றனர். ஓட்ட எண்ணிக்கையும் கடிகாரமும் அளவுநாடாவும் பெரும்பாலும் அக்கேள்விக்கு விடை சொல்லிவிடும். வீட்டிலிருந்து பார்க்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'நாம் மெச்சியது எதனை? ஏன் மெச்சினோம்?' இதற்கு விடை சொல்லக் கடிகாரம் உதவாது. சொல்பவரின் மனமே சான்று. ஆகவே, தனியொருவர் வழங்கும் விருது, பெறுபவரைக் காட்டிலும் வழங்குபவரையே சோதிக்கின்றது எனலாம்.

இதற்கு மூன்று விதிகள் போதும். பிறர் புகழ்ந்தனர் என்பதற்காக ஒருவருக்கும் விருதில்லை. ஒவ்வொரு விருதுக்கும் காரணம் கூறப்படல் வேண்டும். தோற்றவருக்கும் விருது வழங்கலாம்.

அண்மைய ஆண்டுகளுள் 2024 விளையாட்டு வளம் மிக்கது. பாரிஸ் ஒலிம்பிக்கும் பராலிம்பிக்கும் அவ்வாண்டிலேயே நடைபெற்றன. ஆரவாரம் அடங்கிய பின் தீர்ப்புக் கூறுதல் எளிது; எனவே அவ்வாண்டையே எடுத்துக்கொள்வோம். மைதான விளையாட்டுக்களோடு, இல்லந்தோறும் புகுந்துவிட்ட வீடியோ விளையாட்டுக்களையும் ஒரே பந்தியில் அமர்த்தியுள்ளோம். அது தகுமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பொறுமைக்குரிய விருது

காலியைச் சேர்ந்த கமிந்து மெண்டிஸ் 2022 ஜூலையில், தம் சொந்த ஊர் மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் போட்டியில் ஆடி 61 ஓட்டங்கள் பெற்றார். அதன்பின் அடுத்த டெஸ்ட் வாய்ப்புக்கு அவர் 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாய்ப்பு பங்களாதேஷின் சில்ஹெட் நகரில் வந்தபோது, பின்வரிசையில் இறங்கி 102, 164 என இரு இனிங்ஸிலும் சதம் அடித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் காலியில் நியூஸிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 182 ஓட்டங்கள் குவித்து, 13 இனிங்ஸில் ஆயிரம் டெஸ்ட் ஓட்டங்களைக் கடந்தார். டொன் பிரட்மனுக்கும் அதற்கு 13 இனிங்ஸே தேவைப்பட்டன. முதல் எட்டு டெஸ்ட் போட்டிகளிலும் தவறாது ஐம்பதைக் கடந்த முதல் வீரரும் இவரே. வலக்கையாலும் இடக்கையாலும் பந்துவீசும் இவருக்கு வேறு பல விருதுகள் பொருந்தும். எனினும், வாய்ப்பு வாராத இருபது மாதங்களில் தம் ஆட்டத்தைத் துருப்பிடிக்க விடாமைக்காகவே இவ்விருது வழங்கப்படுகின்றது.

ஆண்டின் அணி

2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. அதற்கு முன் நடைபெற்ற எட்டுத் தொடர்களில் ஏழினை வென்றிருந்த இந்திய அணி 165 ஓட்டங்கள் பெற்றது. இலங்கை அணி 18.4 ஓவர்களில் இரண்டு விக்கெட்டுக்களை மட்டும் இழந்து அவ்விலக்கைக் கடந்து, முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அணித்தலைவி சமரி அத்தபத்து 61. ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. சமரி 2009 முதல் இலங்கைக்காக ஆடி வருபவர். அணி தோற்ற நாட்களில் தனியொருத்தியாய் நின்று ஓட்டம் சேர்த்தவர். அன்றோ, அவர் ஆட்டமிழந்து சென்ற பின்னரும் அணி தளரவில்லை. ஒருவர் சுமந்த பாரத்தைப் பலர் தோள்மாற்றிக்கொண்ட அக்காட்சிக்கே இவ்விருது.

சிறு தீவுகளுக்குரிய விருது

செயின்ட் லூசியா என்னும் கரிபியன் தீவின் மக்கள் தொகை நம் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகையில் மூன்றிலொரு பங்கினும் குறைவு. அத்தீவின் ஜூலியன் அல்பிரட் 2024 ஒகஸ்ட் 3ஆம் திகதி பாரிஸில் மகளிர் 100 மீற்றர் ஓட்டத்தை 10.72 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அவருடைய நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அதே நாளில், அதனினும் மக்கள் தொகை குறைந்த டொமினிக்காத் தீவின் தியா லபொண்ட் முப்பாய்ச்சலில் 15.02 மீற்றர் பாய்ந்து, தம் நாட்டுக்கும் முதற்பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றுக் கொடுத்தார்.

பள்ளிச் சீருடையுடன், வெறுங்காலோடு ஓடிப் பழகிய நாட்களை அல்பிரட் வெற்றியின்பின் நினைவுகூர்ந்தார். தம் வெற்றி தீவுக்கு ஒரு நல்ல விளையாட்டரங்கைக் கொண்டுவரட்டும் என்றும் விரும்பினார். உச்சியில் நின்றபோதும் தமக்குப் பின் ஓட வரும் பிள்ளைகளை எண்ணிய அந்நெஞ்சுக்கு இவ்விருது.

தாயர் இருவருக்கு ஒரு விருது

ஒகஸ்ட் 8ஆம் திகதி பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீற்றர் எறிந்தார். 2008இல் நிலைநாட்டப்பட்ட 90.57 மீற்றர் ஒலிம்பிக் சாதனை முறிந்தது. இந்தியாவின் நீரஜ் சோப்ரா 89.45 மீற்றருடன் வெள்ளி பெற்றார். அவ்வாண்டின் தொடக்கத்தில், நதீமிடம் பயிற்சிக்குத் தகுந்த புது ஈட்டி இல்லை என்ற செய்தி வெளிவந்தபோது, அது நேரக்கூடாதென அவருக்காகக் குரல் கொடுத்தவர்களுள் நீரஜும் ஒருவர்.

போட்டி முடிந்தபின் நீரஜின் தாயார், தங்கம் வென்றவனும் தம் பிள்ளையே என்றார். நதீமின் தாயாரும் நீரஜைத் தம் மகனாகவே கருதி வாழ்த்தினார். எல்லைக் கோட்டின் இருபுறமும் இரு வீடுகளிலிருந்து எழுந்த அச்சொற்கள் ஈட்டியினும் தொலைவு சென்றன. ஆண்டின் பெருந்தன்மை விருது அவ்விரு தாயருக்கும் உரியது.

இறங்காத படிக்கட்டு

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து விபத்தொன்றில் வலக்காலில் ஊனமுற்றவர். உயரம் பாய்தலில் அவர் 2016 ரியோ பராலிம்பிக்கில் தங்கமும், 2021இல் நடைபெற்ற டோக்கியோப் போட்டியில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் வென்றார். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையைக் காண்போர் அதனை இறக்கம் என்பர். தொடர்ந்து மூன்று பராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் இவர் என்பதை அறிந்தோர் அவ்வாறு கூறார். எட்டாண்டுகளாக உலகின் முதல் மூவருள் ஒருவராக நிற்பது, ஒருநாள் முதல்வராவதினும் எளிதன்று. பரீட்சையில் ஒருமுறை முதலிடம் தவறியதும் மனமுடையும் மாணவர் இவரை நினைவிற் கொள்க.

ஒரு பலகை, இரு விருதுகள்

2024 டிசெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சம்பியன் போட்டியின் பதினான்காவது, இறுதி ஆட்டம். இருவரும் சமநிலையில் நின்றனர். சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். சென்னையைச் சேர்ந்த 18 வயதுக் குகேஷ் அதனைக் கண்டுகொண்டார். 7.5க்கு 6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 1985இல் 22 வயதில் முடிசூடிய கஸ்பரோவின் சாதனையையும் கடந்தார்.

வென்ற கணத்தில் குகேஷ் துள்ளிக் குதிக்கவில்லை. கண்ணீரோடு காய்களை மீண்டும் பலகையில் ஒழுங்காக அடுக்கினார். பின்னர், டிங் உண்மையான சம்பியனைப் போலவே போராடினார் என்று போற்றினார். ஒழுங்குக்குரிய விருது குகேஷுக்கு. மனச்சோர்வோடு போராடிய காலத்தைக் கடந்து, பலரும் எளிதில் வீழ்வார் என எண்ணியிருக்க, இறுதி ஆட்டம் வரை முடியை விட்டுக்கொடாத டிங்குக்குத் துணிவு விருது.

திரையில் ஆடும் ஆட்டங்கள்

சதுரங்கத்தில் ஓட்டமில்லை, வியர்வையில்லை. எனினும் அதனை விளையாட்டன்று என்பார் இலர். அவ்வாறாயின், அறிவும் விரைவும் பொறுமையும் வேண்டும் வீடியோ விளையாட்டை மட்டும் வாயிலில் நிறுத்துவது முறையாகாது. குகேஷ் முடிசூடிய அதே டிசெம்பர் 12ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அத்துறைக்குரிய ஆண்டு விருது விழாவும் நடைபெற்றது. ஜப்பானியக் கலைஞர் குழு படைத்த 'அஸ்ட்ரோ பொட்' என்னும் விளையாட்டு ஆண்டின் சிறந்ததெனத் தேர்வாயிற்று. சிறியோரும் பெரியோரும் ஒன்றாயமர்ந்து ஆடத்தக்க அவ்விளையாட்டைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் நம் விருதுகள் வேறிடஞ் செல்கின்றன.

முதலாவது, 'பலாட்ரோ'. சீட்டுக்களைச் சேர்த்துப் புள்ளி பெருக்கும் இவ்விளையாட்டைக் கனடாவைச் சேர்ந்த ஒருவர், லோக்கல்தங்க் என்னும் புனைபெயரில், பொழுதுபோக்காகத் தொடங்கித் தனியொருவராய் உருவாக்கினார். 2024 பெப்ரவரி 20ஆம் திகதி வெளிவந்து ஒரு மாதத்துக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. சீட்டு என்றதும் சூதோ என அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு செய்தி: இதிற் பணயம் இல்லை. தம் படைப்பு எக்காலத்தும் சூதாட்ட நிறுவனத்தின் கைக்குச் செல்லலாகாதெனத் தம் மரணசாசனத்திலேயே எழுதிவைத்துள்ளதாக அவர் அறிவித்திருக்கின்றார். பணம் வந்து வாயிலில் நிற்கும் வேளையிலும் எல்லைக்கோடு கீறிய அவருக்கு நேர்மை விருது.

இரண்டாவது, ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு. மேலிருந்து விழுங் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கும் 'டெட்ரிஸ்' 1984இல் மொஸ்கோவில் பிறந்தது. அதன் 1989ஆம் ஆண்டு நின்டெண்டோப் பதிப்பில் 29ஆம் படிக்கு அப்பால் மனிதர் செல்லவியலாது என்று பல்லாண்டுகள் எண்ணப்பட்டது. 2023 டிசெம்பர் 21ஆம் திகதி, 13 வயது வில்லிஸ் கிப்சன் ஏறத்தாழ 38 நிமிடங்கள் ஆடி 157ஆம் படியை அடைந்தபோது, ஆட்டமே தொடர இயலாது திரை உறைந்து நின்றது. கணினி நிரல் முன்னர்க் கண்டிருந்த அம்முடிவை மனிதருள் முதலில் கண்டவன் அவனே. 2024 ஜனவரியிலேயே உலகு இதனை அறிந்ததால், இப்பட்டியலில் இடந்தந்தோம். 2023 டிசெம்பரில் மறைந்த தன் தந்தைக்கு அவ்வாட்டத்தை அவன் காணிக்கையாக்கினான். விடாமுயற்சிக்குரிய விருது அவனுக்கே.

மூன்றாவது, படிப்பினைக்குரிய விருது. சோனி நிறுவனம் பெருஞ் செலவில் 'கொன்கோர்ட்' என்னும் விளையாட்டை 2024 ஒகஸ்ட் 23ஆம் திகதி வெளியிட்டது. ஆடுவோர் வரவில்லை. செப்டெம்பர் 6ஆம் திகதி, இரு வாரங்களில், அது நிறுத்தப்பட்டு, வாங்கியோர்க்குப் பணம் திருப்பியளிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் அஸ்ட்ரோ பொட் வெளிவந்ததும் அதே செப்டெம்பர் 6ஆம் திகதியே. ஒரே வீட்டில் ஒரு வாயிலால் இழவும் மறுவாயிலால் மணமும் சென்றமை போன்றது அது. முதலும் விளம்பரமும் மகிழ்ச்சியை விலைக்கு வாங்கித் தாரா என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பட்டியல் கூறுவது யாது?

மேற்கண்ட பட்டியலை மீண்டும் நோக்குக. வென்றவரும் அதில் உளர், தோற்றவரும் உளர், களத்திலே இறங்காத தாயரும் உளர். பொறுமை, பெருந்தன்மை, ஒழுங்கு, நேர்மை ஆகியனவே காரணங்களாக நின்றன. வேறொருவர் இப்பட்டியலை எழுதின் வேறு பெயர்கள் வரும், வருதலே அழகு. வீட்டில் ஐவர் இருப்பின் ஐந்து பட்டியல்கள் எழுதப்படட்டும்.

வீடியோ விளையாட்டினால் நேரம் வீணாகின்றதே என்று பெற்றோர் கொள்ளும் கவலை பொய்யன்று. ஆயின், 'அதனை ஏன் ஆடுகிறாய்?' என்று அதட்டுவதினும், 'அதற்கு என்ன விருது கொடுப்பாய்? ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். தெளிந்த காரணம் வந்தால், பிள்ளை அவ்விளையாட்டிலிருந்து ஏதோ பெற்றிருக்கின்றது. காரணமே வாராவிடின், அதனை ஒதுக்கி வைக்க வேண்டுமென்ற தீர்ப்பைப் பிள்ளையே கூறிவிடும். அதுபோல், 'என் அணி வென்றது' என்பதன்றி வேறு காரணங் கூறவியலாத தந்தையரும் தம் பட்டியலைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

இளைஞர் எதனை மெச்சுகின்றனரோ அதுவாகவே ஆக முயல்வர். பணத்தையும் ஆரவாரத்தையும் மட்டும் மெச்சும் வீட்டில், பொறுமையாய்க் காத்திருக்கும் பிள்ளை தன்னைத் தோற்றவனாகவே எண்ணும். அப்பிள்ளை கேட்கும்படி ஒருமுறையேனும், காத்திருந்தவருக்கும் கைகொடுத்தவருக்கும் நாம் விருது வழங்குவோமாக.