மோட்டார் சைக்கிளில் ஓடும் கடைக்கு மின்சாரம் எங்கிருந்து?

உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று பிஸ்கட், சவர்க்காரம் போன்ற சாமான்களுக்கு ஓடர் எடுப்பதும், கடனுக்குக் கொடுத்ததை அறவிடுவதும்தான் என் தொழில். முன்பெல்லாம் பையில் ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் போதும். இன்று ஓடர் அனுப்ப ஒரு ஸ்மார்ட் போன், அழைப்புகளுக்கு இன்னொரு சிறிய போன், பற்றுச்சீட்டு அடிக்கும் கைப் பிரிண்டர், மாலை மூடுபனிக்கு ஒரு டோர்ச் என்று நான்கு சாமான்களைச் சுமக்கிறேன். நான்குக்கும் சார்ஜ் வேண்டும். வியாபாரத்துக்கு முதல் என்றால் பணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சார்ஜும் ஒரு முதல்தான் என்பதை நட்டப்பட்டே படித்தேன்.

தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் எங்களுக்கு அறவிடும் நாள். அப்படியொரு நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு என் போன் அணைந்துவிட்டது. கடைக்கார அக்கா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நானா, போன மாசத்துப் பாக்கி எவ்வளவு?" என்று கேட்கிறார். கணக்கெல்லாம் அணைந்த போனுக்குள். "நாளைக்கு வாறேன்" என்று திரும்பினேன். மறுநாள் போனபோது அந்தப் பணம் வேறொரு விற்பனையாளருக்குக் கொடுபட்டுவிட்டது. அடுத்த சம்பளம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆத்திரத்தில் இரண்டு போன்களைச் செருகக்கூடிய ஒரு சார்ஜரை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பெட்டரியில் நேரடியாகப் பூட்டிக்கொண்டேன். சில நாட்களில் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை. தேயிலை மலைக்கு நடுவே பள்ளம் வரும்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

கணக்கில் எங்கே பிழை?

என் வண்டியின் பெட்டரி 12 வோல்ட், 5 அம்பியர் மணி. ஒரு போன் சார்ஜ் ஆக 10 வாட் என்றால் இரண்டுக்கும் 20 வாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் பெட்டரியிலிருந்து ஏறக்குறைய 2 அம்பியர் போகிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கடையில் அரை மணித்தியாலம் நின்றால் 1 அம்பியர் மணி செலவு. நான்கு கடைகளில் நின்றால் நான்கு. இருப்பதோ ஐந்து! கடைக்கும் கடைக்கும் இடையில் ஓடுவது சில நிமிடங்கள். மலைப் பாதையில் அதுவும் மெதுவான ஓட்டம். இஞ்சின் மெதுவாகச் சுழன்றால் உற்பத்தியாகும் மின்சாரமும் குறைவு. அதிலும் ஹெட்லைட் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வரவைவிடச் செலவு கூடினால் எந்தக் கடையும் மூடப்படும், பெட்டரியும் அப்படித்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, சார்ஜர் வயர் சாவியோடு சேர்ந்து இயங்கும்படி ஒரு ரிலே போட வேண்டும். சாவியை நிறுத்தினால் சார்ஜரும் நிற்கும். பெட்டரிக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ் கட்டாயம். வயர் உராய்ந்து ஷோர்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

இரண்டாவது, வண்டி ஓடும்போது பவர் பேங்க் ஒன்றை மட்டும் சார்ஜ் பண்ணுங்கள். கடையில் நிற்கும்போது போனையும் பிரிண்டரையும் அதிலிருந்து சார்ஜ் பண்ணலாம். ஆனால் 10,000 என்று எழுதியிருக்கும் பவர் பேங்க், 5,000 என்று எழுதியிருக்கும் போனை இரண்டு தடவை நிரப்பாது. வோல்ட் மாற்றத்திலும் சூட்டிலும் ஒரு பகுதி போய்விடும். ஒன்றரைத் தடவை என்று கணக்கு வையுங்கள்.

மூன்றாவது, சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் போனை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். கோபுரத்தைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும்.

நான்காவது, போனை ஹேண்டிலில் பூட்டி மழையில் நனைய நனைய சார்ஜ் பண்ணாதீர்கள். நம் பகுதிக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. செருகும் துவாரத்தில் ஈரம் பட்டால் அரித்துவிடும். அதிர்வும் ஆபத்துத்தான். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இஞ்சினின் அதிர்வு ஐபோன் கமெராவைப் பழுதாக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. உள்ளே பஞ்சு வைத்த, நீர் புகாத பைதான் நல்லது.

கடைசியாக ஒன்று. 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. அந்த ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். போன் அணைந்தால் அந்த 4 லீற்றருக்கும் வழியில்லை என்று பலர் அதைக் கடதாசியில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் புத்தி எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

இப்போது ஒவ்வொரு இரவும் சாமான்கள் நான்கையும் வீட்டில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் போகும் கடைகளின் பாக்கியை ஒரு சிறிய கொப்பியில் எழுதி வைக்கிறேன். பத்து நிமிட வேலை. அறவிடப் போகும் இடத்தில், போன் அணைந்தாலும் "பாக்கி எவ்வளவு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.