கூட்டமா, உறவா?

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. பாடியும் நடித்தும் சமையல் சொல்லிக் கொடுத்தும் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்திருந்த நம் கிராமத்து இளையோரும் இல்லத்தரசிகளும் ஓரிரு நாள்களில் அவர்கள் அனைவரையும் இழந்தனர். அதற்கு முன்பே, 2014இல் ஆர்குட் மூடப்பட்டபோதும் இப்படித்தான் நடந்தது. சமூக ஊடகத்தில் நாம் கட்டுவது வாடகை நிலத்தில் கட்டும் வீடு. நிலம் நம்முடையது அல்ல.

இன்று நம் குடும்பங்களிலும் பலர் யூடியூபில் காணொளி இடுகிறார்கள். வீட்டில் செய்த ஊறுகாயையும் தைத்த துணியையும் இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். இது நல்ல உழைப்பு. ஆனால், இந்தத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இவற்றின் முதன்மை வருமானம் விளம்பரம். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம். எனவே, நம்மைப் பிடித்து வைக்கும் பதிவுகளையே கணினி முன்னே தள்ளுகிறது. நம்மைப் பின்தொடரும் எல்லாருக்கும் நம் பதிவு போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்கள் மட்டும் போதாது; கடந்த 12 மாதங்களில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும், அல்லது 90 நாள்களில் குறுங்காணொளிகளுக்கு 1 கோடி பார்வைகள் வேண்டும். அதாவது, தலைகளை எண்ணுவது போதாது. மக்கள் தங்கள் நேரத்தை நமக்குத் தந்தார்களா என்பதும் பார்க்கப்படுகிறது.

இதனால்தான் காசு கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குவது வீண். போலிக் கணக்கு ஊறுகாய் வாங்காது. அடுத்த வீட்டாரிடம் நம்மைப் பற்றிச் சொல்லாது. அது தளங்களின் விதிகளுக்கும் எதிரானது. கண்டுபிடித்தால் அவற்றை நீக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கோபமும் அதிர்ச்சியும் விரைவாகப் பரவும் என்பதால், அண்டை வீட்டுச் சண்டையை, ஒருவரின் கண்ணீரை, நம் பிள்ளைகளின் அழுகையைக்கூடப் படம்பிடித்துப் போடத் தோன்றுகிறது. பார்வைகள் கூடலாம். ஆனால், அந்தப் படத்தில் இருப்பவர் நாளை நம் முகத்தில் எப்படி விழிப்பார்? நாம் அவர் முகத்தில் எப்படி விழிப்போம்?

அப்படியானால், நிலைத்த பார்வையாளர்களை எப்படிச் சேர்ப்பது? நமக்கு உண்மையாகவே தெரிந்த ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். மாடித்தோட்டமோ, தையலோ, தேர்வுக்கான கணக்கோ, எதுவாகவும் இருக்கலாம். வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறை, தவறாமல் தருவோம். கேள்வி கேட்டவருக்குப் பெயர் சொல்லி விடை எழுதுவோம். விலையையும் குறையையும் மறைக்காமல் சொல்வோம். ஒரே தளத்தை நம்பியிராமல், வாடிக்கையாளர்களின் தொடர்பு எண்களை அவர்களின் இசைவோடு ஒரு நோட்டில் குறித்து வைப்போம். தளம் மாறினாலும் அந்த நோட்டு நம் கையில் இருக்கும்.

அன்பர்களே, அடுத்த பதிவை இடுமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இது யாருக்குப் பயன்படும்? யாரையாவது காயப்படுத்துமா? நம்மை நம்பி வரும் 50 பேர், கடந்து போகும் 50,000 பேரைவிட மேலானவர்கள். அந்த 50 பேருக்கு உண்மையாய் இருப்போம்.