பெயர் மாறும் ஹார்ட் டிஸ்க்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடுகிறது. லினக்ஸ் போட்டது. வீட்டுச் செல்போன் படங்களெல்லாம் வைஃபை வழியாக அதில்தான் சேரும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்: ஒன்று அசல், மற்றது ஞாயிறுதோறும் எடுக்கும் நகல். போன மழைக்காலத்தில் கரண்ட் போய்த் திரும்பிய ஓர் இரவில் இரண்டும் பெயர் மாறிக்கொண்டன. அடுத்த ஞாயிறு, பழைய நகல் அசலின் மேல் ஏறியது. மகளின் பள்ளி விழாப் படங்கள் போயே போய்விட்டன.

டிஸ்க் கெடவில்லை. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் சொல்வது டிஸ்கின் பெயரே அல்ல, அது கண்ணில் பட்ட வரிசை. முதலில் தயாரானது எஸ்டிஏ. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அதன் எண் 8,0; அடுத்ததன் எண் 8,16. இடையிலுள்ள 15 எண்களும் முதல் டிஸ்கின் பகுதிகளுக்கு. அந்த எண்களைச் சுமந்து ‘டெவ்’ என்ற அடைவில் நிற்கும் சிறு கோப்புதான் சாதனக் கோப்பு. ஒரு காலத்தில், வரக்கூடிய எல்லாச் சாதனத்துக்கும் இந்தக் கோப்புகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தார்கள். 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய யுடெவ் என்ற நிரல், செருகியதற்கு மட்டும் கோப்பு உண்டாக்கியது. பெயர் வைக்கும் விதியையும் நம் கையில் கொடுத்தது.

எந்த அடையாளத்தை வைத்துப் பெயரிடுவது? இங்கே செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அது காக்கும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. சுவடிக் கட்டுக்கு எண் தரும்போது அது கட்டோடு இருக்க வேண்டும். எந்தத் தட்டில் மாற்றி வைத்தாலும் கூடவே போகும். டிஸ்குக்கும் அப்படி ஒன்று உண்டு: தொழிற்சாலையில் தந்த சீரியல் நம்பர். டிஸ்கை அப்படியே நகலெடுத்தால் உள்ளிருக்கும் அடையாள எண்ணும் நகலாகிவிடும். சீரியல் நம்பர் நகலாகாது.

விதி ஒரே வரி: இந்தச் சீரியல் நம்பர் வந்தால் ‘அசல்’ என்று ஓர் இணைப்புப் பெயர் சேர். நகல் டிஸ்குக்கும் இதேபோல் ‘நகல்’ என்று ஒன்று. டிஸ்குக்கும் அதன் பகுதிக்கும் ஒரே நம்பர்தான் தெரியும் என்பதால், ‘பகுதிக்கு மட்டும்’ என்ற நிபந்தனையும் வேண்டும். விதிக்கோப்புகள் எண் வரிசையில் படிக்கப்படும். 60இல் தொடங்கும் கோப்புதான் சீரியல் நம்பரைக் கண்டுபிடித்துத் தருகிறது. நம்முடையது அதற்குப் பின்னால் வர வேண்டும். நான் 99 போட்டேன்.

மிகவும் கவனம் வேண்டியது சமக்குறியில். இரட்டைச் சமக்குறி ‘இதுதானா?’ என்று கேட்கும். ஒற்றைச் சமக்குறி ‘இதுவாகவே இரு’ என்று கட்டளையிடும். ஒரு குறி விட்டுப்போனால் வருகிற டிஸ்கெல்லாம் அசலாகிவிடும். மலிவான யூஎஸ்பி பெட்டிகளில் இன்னொரு வம்பு: சில பெட்டிகள் டிஸ்கின் நம்பரை மறைத்துத் தம் நம்பரையே சொல்லும்.

எழுதி முடித்ததும் மெஷினை அணைத்து, இரண்டு வயரையும் வேண்டுமென்றே மாற்றிச் செருகினேன். எஸ்டிஏ, எஸ்டிபி இடம் மாறின. ‘அசல்’ அசலையே காட்டியது. பிறகு நகல் டிஸ்கைக் கழற்றிப் பார்த்தேன். ‘நகல்’ என்ற பெயரே இல்லாததால் ஞாயிற்று வேலை எதையும் எழுதாமல் நின்றது.