'வாழை'யும் இளம் உள்ளத்தின் காயமும்

இளம்பருவத்தில் நேரிடும் பெருந்துயர் உள்ளத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதை மருத்துவ நூல்கள் விரித்துரைக்கும். எனினும் நல்லதொரு திரைப்படம் அதனை நம் கண்முன்னே நிறுத்திவிடும். அத்தகைய படமொன்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் வெளிவந்தது. அதன் பெயர் 'வாழை'. எழுதி இயக்கியவர் மாரி செல்வராஜ். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தைச் சார்ந்த அவர், தம் இளமையில் நேர்ந்ததையே படமாக்கியதாகத் தாமே கூறியுள்ளார். அப்படம் உள்ளக்காயத்தைப்பற்றி உணர்த்துவது யாதென ஈண்டு ஆராய்வாம்.

கதை சிறிது. சிவனைந்தன் பதின்பருவத்தின் வாயிலில் நிற்கும் பள்ளிச் சிறுவன், தந்தையை இழந்தவன். தாய் தரகரிடம் முன்பணம் பெற்றிருத்தலின், விடுமுறை நாட்களில் தமக்கை வேம்புவுடன் அவனும் வாழைத்தார் சுமக்கச் செல்லவேண்டும். கழுத்து நோவ, சேற்றிற் கால் புதையத் தார் சுமத்தல் எத்துணைக் கொடிது என்பதை அவனும் தோழன் சேகரும் நன்கறிவர். ஆகலின் ஏனைச் சிறுவர் விடுமுறையை விரும்ப, இவ்விருவரோ பள்ளியையே விரும்புகின்றனர். பள்ளியில் பூங்கொடி ஆசிரியை இருக்கின்றார். ரஜினி பெரியவரா, கமல் பெரியவரா என்னும் தீராத வழக்கும் இருக்கின்றது. இப்பகுதி சற்றே நீண்டுவிட்டது என்பாரும் உளர். அவன் இழக்கப்போவது இன்னதென்று நாம் அறிய அந்நீட்சி வேண்டற்பாலதே என்பது எம் கருத்து.

தொழிலாளர் கூலியுயர்வு கேட்டுப் பெறுகின்றனர். அச்செலவை ஈடுசெய்ய விழைந்தோர் ஆட்களுக்கென வேறு வண்டி அமர்த்தாது, தார் ஏற்றிய லாரியின் மீதே அவர்களை அமரச் செய்கின்றனர். லாரி கவிழ்கின்றது. வேம்புவும் சேகரும் உட்படப் பலர் மாள்கின்றனர். சிவனைந்தன் அவ்வண்டியில் இல்லை. பள்ளியில் நடனப் பயிற்சிக்குச் செல்லும் ஆவலால், தமக்கையின் இசைவுடன், தாய் அறியாமல் அன்று வேலைக்குச் செல்லாது நின்றுவிட்டான்.

படத்தின் உயிர்நிலை இனித்தான் வருகின்றது. காலையில் உண்ணாது சென்ற சிறுவன் பசி தாளாமல் வழியிலுள்ள தோட்டத்தில் ஒரு வாழைப்பழம் எடுத்து உண்கின்றான், அதற்காக அடிபடுகின்றான், அஞ்சி ஓடுகின்றான். வீடு சேரும்பொழுது ஊரே பிணக்காடாய்க் கிடக்கின்றது. அவ்வழுகையின் நடுவே அவன் செய்வது யாது? சோற்றுப்பானையை நாடுகின்றான். அதனைக் காணும் தாய் பொறாளாய் அடிக்கப் பாய்கின்றாள். அவன் மீண்டும் ஓடுகின்றான். தமக்கை இறந்துகிடக்கச் சோறு தேடும் பிள்ளையை உலகம் கல்நெஞ்சன் என்றே சொல்லும். ஆனால் உள்ளம் தாங்கவொண்ணாத அடி பட்டவிடத்து உடல் தன் தேவையைத் தனியே கேட்டுக்கொண்டிருக்கும். அழுகை பின்னரே வரும். சிலர்க்குப் பல்லாண்டு கழிந்தே வரும். பசித்தல், ஓடுதல், வாய்பேசாது விறைத்து நிற்றல் ஆகியனவும் துயரத்தின் வடிவங்களே. துயருற்ற சிறாரைப் பெரியோர் தவறாகக் கணிப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

மற்றொன்றும் உளது. 'யான் பொய் சொன்னேன். ஆதலின் பிழைத்தேன்' என்னும் எண்ணம் அச்சிறுவனை விடுமோ? பிறர் மாளத் தான் எஞ்சியமையையே குற்றமாகக் கருதி வருந்தும் இந்நிலையை, நாசி முகாம்களினின்று மீண்டோரிடம் மருத்துவர் நீடர்லாந்து கண்டு, 1960-களில் விரித்தெழுதினார். 1980-இல் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பகுப்பு நூலில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் உளநோய்க்குத் தனிப்பெயர் அளித்தது. கனவிலும் நனவிலும் அந்நிகழ்ச்சி திரும்பத் திரும்பத் தோன்றுதலும், அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்குதலும் அந்நோயின் குறிகளாம்.

இதே இயக்குநரின் 'மாமன்னன்' (2023) இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அதன்கண் கோயிற் கிணற்றில் நீராடிய சிறுவர்மீது சாதிவெறியர் கல்லெறிகின்றனர். தோழரை இழந்து எஞ்சிய அதிவீரன் தந்தையோடு பதினைந்து ஆண்டுகள் பேசாதிருக்கின்றான். அங்கே காயம் மௌனமாய் உறைந்து, பின்னர்ச் சினமாய் வெடிக்கின்றது. கதைத்தலைவர்க்குரிய சண்டையும் வெற்றியும் உள. 'வாழை'யிலோ பழிவாங்கல் இல்லை. ஆகலின் அதுவே மெய்ம்மைக்கு நெருங்கியது என்போம்.

இது தாமிரபரணிக் கரைக்கதை. நமக்கென்ன எனக் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தார் எண்ணற்க. ஜூஜுவாடியைக் கடந்தால் கன்னட நாடு. அப்பாலுள்ள அத்திப்பள்ளியில் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் பட்டாசுக் கடையொன்று தீப்பற்றியது. அன்றே 14 பேர் மாண்டனர்; பின்னர்த் தொகை மிகுந்தது. இறந்தவருள் பலர் தமிழ்நாட்டு இளைஞர். தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டை ஒன்றிலிருந்தே பலர் சென்றிருந்தனர். தீபாவளிச் செலவிற்கும் படிப்பிற்கும் பொருளீட்டச் சென்ற மாணவரும் அவருள் இருந்தனர். 'வாழை'யின் லாரிக்கும் அக்கடைக்கும் இடையே வேற்றுமை யாது? 14 முதல் 18 அகவைக்குட்பட்டோரை இடர்மிக்க தொழிலில் அமர்த்தலாகாதென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விலக்குகின்றது; சரக்குவண்டியில் ஆளேற்றுதலையும் சட்டம் விலக்கியே உள்ளது. எனினும் மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிச் சாலைகளில் நின்று பார்ப்போர்க்கு, அச்சட்டத்தின் வலிமை எத்துணையதென்பது விளங்கும்.

ஒரே ஊரில் ஒரே நாளில் பலர் மாண்டால், செய்தித்தாள் இறந்தோரை எண்ணும். அரசு இழப்பீடு அறிவிக்கும். அன்று காய்ச்சலென்றோ தேர்வென்றோ சொல்லி வீட்டில் நின்றுவிட்ட தோழனை எவரும் எண்ணார். அவன் வகுப்பிற்கு வருவான், கடைசி வரிசையில் அமர்வான், மதிப்பெண் குறையும், சோம்பன் என்னும் பெயரும் கிட்டும். நம்மிடையே சனி ஞாயிறுகளில் தொழிற்பேட்டைக்கும் பூந்தோட்டத்திற்கும் சென்று பொருளீட்டிக் கற்போர் உளராதலின், இஃது அயலார் செய்தியன்று. அவனிடம் கேட்கவேண்டுவது 'ஏன் அழவில்லை' என்பதன்று. 'உண்டாயா' என்பதே முதற்கேள்வி. அதன்பின் அவன் பேச விரும்பும் நாளில் உடனிருந்து கேட்டல் வேண்டும். தோழமையால் ஆற்றவியலாதபொழுது மருத்துவரை நாடலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் உளநலத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.